எப்படித் தெரியும்? ஏஐ, தர்க்கம், உலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடிப் பேசுகிறோம். விவசாயம் பார்ப்பவர்கள், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பாத்திரக்கடைக்காரர் ஒருவர், மடத்தில் சித்தாந்தம் படித்த பெரியவர் ஒருவர். எதைப் பற்றித் தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் ஏஐ வந்துவிடுகிறது. அங்கிருந்து எது உண்மை, அது எப்படித் தெரியும் என்று பேச்சு நீண்டுவிடுகிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாரும் ஒப்புக்கொண்ட பதில்கள் என்று சொல்ல மாட்டேன். என் சாய்வு இதில் இருக்கும்.

சாட்ஜிபிடி மாதிரியானவை உள்ளே என்னதான் செய்கின்றன?

"மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி" என்று யாராவது ஆரம்பித்து நிறுத்தினால், டெல்டாவில் பிறந்த எவரும் "திறக்கப்படும்" என்று முடித்துவிடுவார்கள். இயந்திரம் செய்வதும் இதைத்தான், மிகப் பெரிய அளவில். ஏராளமான எழுத்தைப் படிக்கவைத்து, எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வரக்கூடும் என்ற கணக்கை எண்களாக அதற்குள் பதித்திருக்கிறார்கள். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்புதான் இதற்கு அடிப்படை. ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள மற்றச் சொற்களில் எதை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்று கணக்கிடும் வழி அது. அப்புறம் மனிதர்கள் பதில்களைப் பார்த்து, இது நல்ல பதில், இது மோசம் என்று தரம் பிரித்துப் பழக்குகிறார்கள். 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்த சாட்ஜிபிடி இப்படித்தான் உருவானது.

மேட்டூர் வாக்கியத்துக்கே வருவோம். தண்ணீர் இல்லாமல் ஜூன் 12-இல் திறக்காத ஆண்டுகளும் உண்டு; 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். ஆனால் "ஜூன் 12-இல் திறக்கப்படும்" என்ற வாக்கியம் அந்த ஆண்டிலும் அதே அளவு சரளமாகத்தான் வரும். சரளம் வேறு, உண்மை வேறு. இப்போது பல செயலிகள் இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்கின்றன, அது நல்ல முன்னேற்றம். தேடிப்போன இடத்தில் தப்பு இருந்தால் அதுவும் சரளமாகவே வந்து சேரும்.

தமிழில் மட்டும் ஏன் அதிகம் தடுமாறுகிறது?

முதல் காரணம், படித்த தமிழ் குறைவு. இரண்டாவது காரணம் எழுத்து கணினிக்குள் இருக்கும் விதம். "கொள்ளிடம்" என்று எழுதிப் பாருங்கள். நமக்கு ஐந்து எழுத்து: கொ, ள், ளி, ட, ம். கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட் முறையில் அது ஒன்பது குறியீடு, ஏனென்றால் 'கொ' என்பது 'க'வும் ஒகரக் குறியும், 'ள்' என்பது 'ள'வும் புள்ளியும். பைட் கணக்கில் 27. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இயந்திரம் சொல்லை எழுத்தாகப் பார்ப்பதில்லை, துண்டுகளாகப் பார்க்கிறது. ஆங்கிலத்தை மனதில் வைத்து வெட்டப்பட்ட அந்தத் துண்டுகள் தமிழ்ச் சொல்லைக் கண்டபடி நொறுக்கிவிடும். "இந்தச் சொல்லில் எத்தனை எழுத்து" என்று கேட்டால் பழைய ஏஐ மாதிரிகள் (மாடல்கள்) உளறியது அதனால்தான். புதியவற்றில் இது நிறையச் சரியாகி இருக்கிறது.

அது வெண்பா எழுதுமா?

வெண்பா போல ஒன்றை எழுதும். நான்கு அடி இருக்கும், கடைசி அடி குட்டையாக இருக்கும், எதுகைகூட இருக்கும். தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை, பார்த்தால் தட்டும். மாச்சீர் முன் நிரை, விளச்சீர் முன் நேர், காய்ச்சீர் முன் நேர் என்ற விதியை வரிவரியாக விளக்கவும் செய்யும், அடுத்த நொடியே தன் பாட்டில் அதை மீறவும் செய்யும். விதியைப் பற்றிப் பேசுவதும் விதிப்படி நடப்பதும் அதற்குள் தனித்தனியாகக் கிடக்கின்றன.

இதற்கு நேர் எதிர் அவலோகிதம் என்ற மென்பொருள். பாட்டைக் கொடுத்தால் அசை பிரித்து, சீர் பிரித்து, தளை சொல்லிவிடும். கற்பனை அதன் வேலையே இல்லை; யாப்பிலக்கண விதிகளை மட்டும் அதற்குள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1956-இல் டார்ட்மத் கல்லூரியில் கூடியவர்கள் "செயற்கை நுண்ணறிவு" என்று பேர் வைத்த பிறகு பல பத்தாண்டுகள் இந்த விதிவழி ஏஐதான் முன்னால் நின்றது. இன்று எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்பது முன்னால் வந்துவிட்டது. எனக்குத் தோன்றுவது, இனி வரும் நல்ல கருவிகள் இரண்டையும் சேர்த்தே ஆகவேண்டும். ஒன்று எழுத, ஒன்று தட்டிப் பார்க்க.

தர்க்கம் படிக்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

மணிமேகலையிலிருந்து. கதை பூம்புகாரில் தொடங்குவதால் நம் ஊர்ப் பெருமைக்குச் சொல்லவில்லை. 27-ஆம் காதையில் ஒவ்வொரு சமயத்தாரும் வந்து தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள், அறிவு எந்தெந்த வழியில் கிடைக்கும் என்ற அளவைகளின் பட்டியலும் அங்கேயே வருகிறது. 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு முறையாகத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டியது. புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அதற்கு மேல் பெரும் பகுதி போலிகளுக்குப் போகிறது: பார்க்கச் சரியான வாதம் போலவே இருந்து உள்ளே ஓட்டையாக இருப்பவை. பக்கம் கெட்டது, ஏது கெட்டது, எடுத்துக்காட்டு கெட்டது என்று வகை வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒரு காப்பியத்தின் நடுவில் இவ்வளவு நுட்பமான பாடம் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தது 1898-இல். அப்போது அவர் நம் கும்பகோணம் கல்லூரியில்தான் ஆசிரியர். பௌத்த தர்க்கச் சொற்களைத் தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாரும் மறந்துவிட்டிருந்த காலம். காவிரிக்கரைக் கல்லூரி ஒன்றில் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகப் பொருள் தேடி எடுத்தார்.

சரி, ஏஐ சொல்வதை எந்த அளவையில் சேர்ப்பது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம்.

சைவ சித்தாந்தம் அளவைகளை மூன்றாகச் சுருக்கிக்கொள்கிறது: காண்டல், கருதல், உரை. நேரில் பார்ப்பது, பார்த்ததிலிருந்து ஊகிப்பது, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்பது. ஏஐயின் பதில் காண்டல் இல்லை. அது வயலையும் பார்க்கவில்லை, அணையையும் பார்க்கவில்லை. சில நேரம் கருதல் போல இருக்கும், படிப்படியாகக் காரணம் சொல்லும். ஆனால் அந்தப் படிகளை நாம் ஒவ்வொன்றாகச் சோதித்தால்தான் அது நமக்குக் கருதல். சோதிக்காமல் ஏற்றுக்கொண்டால் நாம் அதை உரையாகத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

உரைக்கு, நியாயம் என்ற பழைய தர்க்க நெறியின் நூலார் ஒரு நிபந்தனை வைத்தார்கள். சொல்பவர் விஷயத்தை நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புபவராகவும் இருக்க வேண்டும். அவரைத்தான் ஆப்தன் என்றார்கள். ஏஐயில் இந்த ஆள் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் எழுதியதன் சாயல் இருக்கிறது. அவர்களில் பலர் நேரில் அறிந்தவர்கள், பலர் கேள்விப்பட்டதை எழுதியவர்கள், சிலர் வேண்டுமென்றே பொய் எழுதியவர்கள். எல்லாரும் ஒரே குரலாகக் கலந்து வரும்போது, யார் எதைச் சொன்னார் என்று பிடித்துக் கேட்க வழி போய்விடுகிறது.

2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த பழைய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். வழக்கின் பெயர், எண், நீதிபதியின் வாசகம் எல்லாம் இருந்தன; அப்படி வழக்குகள்தான் இல்லை. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அவர்கள் "இந்தத் தீர்ப்புகள் உண்மையா" என்று சாட்ஜிபிடியிடமே கேட்டும் பார்த்திருந்தார்கள். உண்மை என்றுதான் அது சொன்னது. உரையைச் சோதிக்க அதே உரையைக் கேட்டால் என்ன கிடைக்கும்? தீர்ப்புத் தொகுப்பைத் திறந்து பார்ப்பதுதான் அங்கே காண்டல்.

ஆகவே எங்கள் பழக்கம் இது. ஏஐ எதைச் சொன்னாலும், இதை முதலில் கண்ணால் பார்த்தவர் யாராக இருக்க முடியும், அவரிடம் நான் எப்படிப் போய்ச் சேர்வது என்று கேட்கிறோம். போய்ச் சேர முடிந்தால் ஏஐ நல்ல வழிகாட்டி. முடியாவிட்டால் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு எடுப்பதில்லை.

நெற்பயிரின் படத்தைப் போட்டால் நோய் என்ன என்று சொல்லிவிடுகிறதே, அதை நம்பலாமா?

சம்பா சமயத்தில் அதிகம் வரும் கேள்வி. இலை மஞ்சளாகிறது, போனில் படம் எடுத்துப் போட்டேன், யூரியா போடச் சொல்கிறது, போடலாமா?

மஞ்சள் என்பது ஒரே நோய் இல்லை. அடியில் இருக்கும் பழைய இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து குறைவாக இருக்கலாம். குருத்துப் பக்கம் புது இலை வெளுத்தால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். நுனியிலிருந்து இரண்டு ஓரமும் அலை அலையாகக் காய்ந்துகொண்டு இறங்கினால் பாக்டீரியா இலைக்கருகல். வயலில் வட்ட வட்டமாகக் காய்ந்தால் புகையான். தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்த்தால் பூச்சி உட்கார்ந்திருக்கும். கருகலுக்கும் புகையானுக்கும் யூரியாவை அள்ளிப் போட்டால் இன்னும் மோசமாகும்.

இப்போது அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். வரப்பில் நின்று மேலிருந்து எடுத்தது. தூர் அதில் இல்லை. எந்த இலை பழையது என்று தெரியாது. என்ன ரகம், எப்போது நட்டது, என்ன உரம் போட்டது, எதுவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு மனிதரும் சொல்ல முடியாது. ஆனால் விவரம் தெரிந்தவர் "இறங்கிப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்" என்பார். ஏஐ பெரும்பாலும் சொல்லிவிடும்.

அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டாம். "மஞ்சளுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம், ஒவ்வொன்றையும் பிரித்தறிய நான் வயலில் எதைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் நல்ல பட்டியல் தருகிறது. அதை வைத்து இறங்கிப் பாருங்கள். பிறகு வேளாண் அலுவலரிடமோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுங்கள். ஆடுதுறையில் 1922 முதல் நெல்லைப் பற்றி ஆராய்கிறார்கள். நம் மண்ணை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.

ரகம் கேட்டாலும் இதே கவனம் வேண்டும். குறுவைக்கு சி.ஆர். 1009 போடு என்று சொன்னால் நாள் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்: அது ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் சம்பா ரகம். குறுவைக்கு ஏ.டி.டி. 43 போல 110 நாளில் முடிவதுதான் சரி.

திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில விநாடி நின்றுவிடுவதாக நாசா சொன்னதாமே?

நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை. இந்தச் செய்தி வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் சுற்றியது. இப்போது ஏஐ குரலில் வீடியோவாக வருகிறது.

மணிமேகலை சொன்ன வழியில் பார்ப்போம். பக்கம் இருக்கிறது, ஏது எங்கே? "சனியின் கதிர்" என்கிறார்கள். அப்படி ஒன்று உண்டா என்பதே நிறுவப்படாத விஷயம். நிறுவாத ஒன்றை ஏதுவாக வைக்கக் கூடாது. எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி என்றும் இல்லை. சரி, ஊகத்துக்கு வருவோம். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தால்தான் அது கீழே விழாமல் இருக்கிறது. நின்றால் மறுபடி கிளம்பாது, விழும். அது "செயலிழக்கும்" என்று சொல்லப்படும் மூன்று விநாடியில் 22 கிலோமீட்டருக்கு மேல் கடந்திருக்கும். திருநள்ளாறிலிருந்து கிழக்கே போனால் காரைக்காலைத் தாண்டிக் கடலுக்கு மேல் நிற்கும்.

இதைச் சொன்னால் பக்தியைக் குறை சொல்வதாகச் சிலர் வருத்தப்படுகிறார்கள். நானும் நளதீர்த்தத்தில் குளித்துவிட்டுக் கும்பிடுகிறவன்தான். தேவாரம் பாடப்பெற்ற தலத்துக்கு நாசா சான்றிதழ் தேவையில்லை.

நான் எதைச் சொன்னாலும் "அருமையான கேள்வி" என்று ஆமோதிக்கிறதே?

பதில்களுக்கு மனிதர்கள் தரம் போட்டபோது இனிமையான பதிலுக்கு அதிக மதிப்பெண் விழுந்ததன் விளைவு அது. "செயற்கைக்கோள் ஏன் நிற்கிறது" என்று கேட்டால் ஏன் என்று விளக்க ஆரம்பித்துவிடும் ஆபத்து உண்டு. "நிற்கிறதா" என்று கேளுங்கள்.

இன்னொன்று செய்யலாம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் முதலில் பரபக்கம், பிறகுதான் சுபக்கம். எதிர்க்கொள்கைகள் ஒவ்வொன்றையும் அவரவர் சொல்வது போலவே முன்வைத்து, மறுத்து, அதற்கு அப்புறம்தான் தன் கொள்கைக்கு வருகிறது. ஏஐயிடம் உங்கள் கருத்தைச் சொல்லி, இதற்கு எதிரான மிக வலுவான வாதத்தைச் சொல் என்று கேளுங்கள். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

ராமானுஜன் மாதிரி ஒரு இயந்திரம் வருமா?

சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டைப் பார்த்துவிட்டு வருபவர்கள் கேட்கும் கேள்வி. ராமானுஜன் நோட்டுகளில் முடிவுகள் இருந்தன, நிரூபணம் அநேகமாக இல்லை. 1913-இல் அவர் எழுதிய கடிதத்தைப் பார்த்த கேம்பிரிட்ஜ் கணிதவியலர் ஹார்டி கேட்டது நிரூபணத்தைத்தான். பகா எண்களைப் பற்றி அதில் இருந்த கூற்று தவறாக முடிந்தது; மற்றவை பல சரியாக, யாரும் அதுவரை காணாதவையாக இருந்தன. அந்த நோட்டுகளை நிரூபணத்தோடு பதிப்பித்து முடிக்க அமெரிக்கக் கணிதவியலர் புரூஸ் பெர்ன்ட்டுக்கு ஐந்து தொகுதிகள் தேவைப்பட்டன. கடைசித் தொகுதி 1998-இல் வந்தது.

இயந்திரத்திலும் ஊகிப்பது, நிரூபிப்பது என்ற இந்த இரண்டு வேலையைப் பிரித்தபோதுதான் கணக்கு முன்னேறியது. 2024-இல் கூகுள் டீப்மைண்டின் நிரல்கள் உலகக் கணித ஒலிம்பியாடின் ஆறு கணக்கில் நான்கைச் செய்து, 42-க்கு 28 மதிப்பெண் பெற்றன. தங்கத்துக்கு ஒன்று குறைவு. அவற்றில் ஒன்று தன் நிரூபணத்தை லீன் என்ற மொழியில் எழுதியது. அந்த மொழியில் ஒவ்வொரு படியையும் இன்னொரு நிரல் சரிபார்க்கிறது. ஒரு படி தவறினாலும் ஏற்காது. ஊகம் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை, சரிபார்ப்பவர் தனியாக இருக்கிறார்.

ராமானுஜனுக்கு அந்தச் சூத்திரங்கள் எப்படித் தோன்றின என்பதற்கு இதில் பதில் இல்லை. நாமகிரித் தாயார் தந்தாள் என்று அவர் சொன்னார். அதை மதித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

நாம் வாழும் உலகமே ஒரு கணினி நிரல் என்கிறார்களே?

2003-இல் தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் எழுதியதை அரைகுறையாகக் கேட்டவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அவர் சொன்னது மூன்றில் குறைந்தது ஒன்று உண்மை என்று. அவ்வளவு கணினி வலிமை வருவதற்கு முன் நாகரிகங்கள் அழிந்துபோகும்; அல்லது வலிமை வந்தாலும் முன்னோரைப் போலச் செய்து பார்க்க ஆசைப்படாது; அல்லது நாம் அநேகமாக அப்படிச் செய்யப்பட்ட ஒன்றுக்குள் இருக்கிறோம். மூன்றாவதை மட்டும் பிடுங்கிச் சொல்வது வாதத்தைக் கெடுப்பது.

"மாயை என்று நம் முன்னோர் அப்போதே சொன்னார்கள்" என்று உடனே ஒருவர் சேர்ப்பார். எந்த முன்னோர் என்று கேட்க வேண்டும். சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், உலகம் அதிலிருந்து வந்த மெய்யான காரியம். உலகம் வெறும் தோற்றம் என்பதை ஆதீனங்களில் பாடம் சொன்னவர்கள் தலைமுறை தலைமுறையாக மறுத்தார்கள். திருவாவடுதுறையும் தருமபுரமும் இருக்கும் மண்ணில் இருந்துகொண்டு இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது எனக்கு வலிக்கிறது.

இறந்தவர்களின் குரலை ஏஐயில் கொண்டுவருவது சரியா?

2024-இல் ஏ.ஆர். ரகுமான் ஒரு பாட்டுக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைப் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, சன்மானமும் கொடுத்துச் செய்தார். திருக்குவளையில் பிறந்து 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் ஏஐ உருவமாக வந்து வாழ்த்துப் பேசினார்.

பாட்டை என்னால் ஏற்க முடிகிறது. மெட்டும் சொல்லும் வேறொருவருடையவை என்று கேட்பவருக்குத் தெரியும், குரல் மட்டும் கடன். பேச்சு எனக்கு உறுத்துகிறது. மேடைப் பேச்சு என்பது பேசியவரின் வாக்கு. வாழ்ந்த காலத்தில் ஒவ்வொரு சொல்லையும் தானே தேர்ந்தெடுத்தவர் வாயில் இன்னொருவர் எழுதியதை வைப்பது, அன்பினால் செய்தாலும் தப்பு என்றே நினைக்கிறேன். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

பேரன் குரலில் பணம் கேட்டு போன் வந்தால்?

வைத்துவிட்டு, பேரனின் பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டினாலும் பயப்படாதீர்கள்; "டிஜிட்டல் கைது" என்று நம் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது.

அதற்கு உணர்வு உண்டா?

1950-இல் கணினி அறிவியலின் முன்னோடி டூரிங், "இயந்திரம் சிந்திக்குமா" என்று கேட்பதை விட்டுவிட்டு, பேச்சை வைத்து மனிதரிலிருந்து பிரித்தறிய முடிகிறதா என்று பார்ப்போம் என்றார். 1980-இல் தத்துவவாதி ஜான் சர்ல், சீன மொழி தெரியாத ஒருவர் அறைக்குள் விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சரியான சீனப் பதில்களை வெளியே அனுப்பினால் அவருக்குச் சீனம் புரிந்ததாக ஆகுமா என்று கேட்டார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

எங்கள் பெரியவர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. சித்தாந்தத்தில் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும் அந்தக்கரணங்கள். மாயையிலிருந்து வந்த சடக் கருவிகள், அதாவது தாமாக அறியாதவை. அறிவது உயிர், அவை கருவி. "புத்தி செய்யும் வேலையை ஒரு சடம் செய்கிறது என்றால் அதில் என்ன தம்பி அதிசயம்? நம்முள் இருக்கும் புத்தியும் சடம்தானே" என்றார். ஏஐயைப் பற்றி நான் கேட்டதில் மிகத் தெளிவான பேச்சு அது.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் விடவில்லை. "எனக்குள் உயிர் இருப்பது எனக்குக் காண்டல். உங்களுக்குள் இருப்பது எனக்குக் கருதல்தானே ஐயா? உங்கள் பேச்சையும் செயலையும் வைத்துத்தான் ஊகிக்கிறேன். அதே ஏது இயந்திரத்திடமும் இருந்தால்?" என்று கேட்டாள். நல்ல அடி. பேச்சு மட்டுமே ஏது என்றால் அவள் சொல்வது நிற்கும்.

ஆனால் பேச்சு மட்டும் ஏது இல்லை என்பது என் பக்கம். தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை அடுக்கும்போது தொடுவுணர்வை முதல் அறிவாக வைத்து, சுவை, மோப்பம், பார்வை, கேள்வி என்று ஏறி, ஆறாவதாகத்தான் மனத்துக்கு வருகிறது. ஐயாவிடம் முள் குத்தினால் கையை இழுத்துக்கொள்ளும் உடம்பைப் பார்க்கிறேன், அதற்கு மேலேதான் அவர் பேச்சைக் கேட்கிறேன். இயந்திரத்திடம் கீழே ஐந்தும் இல்லாமல் ஆறாவதின் வெளித்தோற்றம் மட்டும் வந்திருக்கிறது. அடுக்களைப் புகையும் மலைப்புகையும் ஒன்றுபோல இருந்தால்தான் நெருப்பை ஊகிக்கலாம்; பனியைப் பார்த்துப் புகை என்று எண்ணுவது ஏதுப்போலி. இப்படிச் சொன்னதற்கு அவள், நாளைக்குத் தொட்டு உணரும் ரோபோவில் இந்த ஏஐயைப் பொருத்தினால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.